நெல்லிப்பொடியும் நடுப்பகல் சோறும்

பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார் நாச்சிமுத்து. கோழி விஷயத்தில் அவருக்குக் குரு கால்நடை மருத்துவர் மரகதம். தன்னைவிட இளையவள் என்றாலும் அவள் சொன்னதுதான் அவருக்கு வேதம். ஆனால் பாதியைத்தான் காதில் வாங்குவார்.

சித்திரை வெயிலில் கோழிகள் சுருண்டு விழத் தொடங்கின.

"வெக்கைக்கு என்ன மூலிகைங்க டாக்டரம்மா?" என்று போனில் கேட்டார்.

"தீவனத்துல நெல்லிப்பொடி கலந்து கொடுங்கண்ணா. ஆனா வெயில் ஏறினா தீவனத் தட்டைத் தூக்கிடணும், தின்னா உடம்புச் சூடு இன்னும் கூடிடும். காலையிலயும் சாயங்காலமும்தான் தீவனம்."

மறுநாள் துளசி சேர்க்கலாமா என்றார். அதற்கடுத்த நாள் மஞ்சள். பிறகு முருங்கையிலை. ஒவ்வொரு முறையும் அவள் தட்டைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் பொடியின் அளவைக் கேட்டார்.

கடைசியில் அவள் போனை வைத்துவிட்டு நேரில் வந்தாள். உச்சி வெயில். கொட்டகைக்குள் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. தட்டுகளில் தீவனம் பாதி கொத்தியபடி கிடந்தது. வாசலில் ஒரு கூடை நிறையச் செத்த கோழிகள்.

"எல்லாப் பொடியும் போட்டாச்சுங்க. இனி எதைத்தான் போடறது?" என்றார் நாச்சிமுத்து.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"சோத்தை இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்க."

அவர் மனைவி அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ஒரு வாய் போட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது. இரண்டாவது வாயைத் தட்டிலேயே போட்டார்.

"இறங்க மாட்டேங்குதுங்க. தண்ணி போதும்."

மரகதம் ஓரத்திலிருந்த பொடி மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை நெல்லிப்பொடியை எடுத்து அவர் சோற்றின் மேல் தூவினாள்.

"இப்ப சாப்பிடுங்க."

"என்ன டாக்டரம்மா இது!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொடி தூவினா மட்டும் உள்ள போயிருமா? இந்த வெக்கையில யாரால திங்க முடியும்? பொழுது சாயட்டும், அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

"அதைத்தாங்கண்ணா இதுங்களும் வாயைத் திறந்து சொல்லிட்டிருக்குது."

நாச்சிமுத்து கோழிகளைப் பார்த்தார். எழுந்துபோய் முதல் தீவனத் தட்டைத் தூக்கினார்.