ராஜா கனவில் நின்ற படி

எப்போதோ ஒரு காலத்தில் நீர்முளை நாட்டை வெண்குடையார் என்றொரு ராஜா ஆண்டார். மதியம் சாப்பிட்டுத் தூங்குவதுதான் அவருடைய முக்கிய ராஜாங்கம். ஒருநாள் எழுந்தவர் பாதித் தூக்கத்தோடே சபைக்கு வந்து உட்கார்ந்தார்.

"கனவில் நம் படிக்கிணற்றில் நின்றேன். பக்கத்தில் மறைந்த மகாராணி உட்கார்ந்திருந்தாள். எந்தப் படியென்று தெரியவில்லை. ஒரு நாரை வந்து, 'தரையிலிருந்து நீ இருக்கும் தூரத்தை இரட்டிப்பாக்கு, அப்புறம் ஐந்து படி இறங்கு' என்றது. செய்தேன். பதினோராம் படிக்கு வந்தேன், விழித்துவிட்டேன். அவள் இருந்த படி எனக்கு வேண்டும். பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் கிணற்றைத் தூர்த்துவிடுவேன்."

ஊருக்கே குடிக்க அந்த ஒரு கிணறுதான். தரையிலிருந்து மேலே மண்டபத்துக்கும் படி உண்டு, கீழே தண்ணீருக்கும் உண்டு.

அவைப் பண்டிதர் சடையப்பர் முந்திக்கொண்டார். "இதென்ன பிரமாதம் அரசே. பதினொன்றோடு ஐந்தைக் கூட்டினால் பதினாறு. பாதி எட்டு. மேலே எட்டாம் படி."

எண் காதில் விழுந்ததுமே கூட்டிப் பெருக்க ஓடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கேள்வியை முழுசாகக் கேட்கத்தான் பொறுமை இருக்காது.

ராஜா சபையோடு கிணற்றுக்குப் போய், மேலே ஏறி எட்டாம் படியில் உட்கார்ந்தார். அங்கே இருந்தது புறா எச்சம். "தூர்த்துவிடுங்கள்" என்றார்.

தண்ணீர் சேந்த வந்த பூவாயி குடத்தை இறக்கி வைத்தாள். "மகாராசா, கடைசியா நின்ன படியில கால் நனைஞ்சுதுங்களா?"

"முழங்கால் வரை."

"அப்போ அது கீழே பதினொண்ணு."

பண்டிதர் சிரித்தார். "குடம் தூக்குகிறவளே, உனக்கென்ன கணக்குத் தெரியும்?"

"மகாராசா முதல்ல நின்ன படி எனக்குத் தெரியாதுங்க சாமி. உங்களுக்கும் தெரியாது. அதைத் தெரியாததாவே வச்சுட்டு ஆரம்பிப்போம்."

தரையில் ஒரு கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் இரண்டு செம்புகளைக் கவிழ்த்தாள். "நின்ன படி ஒரு செம்பு. இரட்டிச்சா ரெண்டு." பக்கத்தில் ஐந்து கரித்துண்டு வைத்தாள். "ஒரு கரின்னா கீழே ஒரு படி." அந்தப் பக்கம் பதினொரு கரி. "கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே இடத்தைத்தான் சொல்லுது. இங்க அஞ்சை எடுத்தா அங்கயும் அஞ்சை எடுக்கணும்."

எடுத்தாள். இரண்டு செம்புக்கு எதிரே ஆறு கரி நின்றது.

"செம்புக்கு மூணு. தரைக்குக் கீழே மூணாம் படி. நடந்தே பாருங்க. இரட்டிச்சா கீழே ஆறு, இன்னும் அஞ்சு இறங்கினா பதினொண்ணு."

ராஜா மூன்று படி இறங்கி உட்கார்ந்தார். தண்ணீரிலிருந்து எழும்பிய வெளிச்சம் சுவரில் நெளிந்து நெளிந்து ஏறியது. பக்கத்துக் கல்லின் மேல் கை வைத்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்தார். "பண்டிதரே, மேலா கீழா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊர்த் தண்ணீரையே மண்மூட வைத்திருப்பீர். ஒரு மாதம் பூவாயிக்குத் தண்ணீர் சேந்திக் கொடும். பூவாயி, உனக்கு என்ன வேண்டும்?"

"குடத்தோட ஏறி வர்றப்ப இந்தப் படியிலதான் நாங்க மூச்சு வாங்குவோம். இனிமே இது ராசா படின்னு காவல்காரங்க விரட்டாம இருந்தாப் போதும்."

ராஜா நகர்ந்து உட்கார்ந்தார். ராணி உட்கார்ந்திருந்த பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கம் அவளுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.