ஓட்டை எண்ணிய சட்டசபைக் குழு

கோணாம்பாடிச் சீமை எங்கே இருக்கிறதென்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே ஒரு சட்டசபை உண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சீமையில் தீயணைப்பு நிலைய அதிகாரி சவரிமுத்து. பாவம், மூன்று வருஷமாகப் புதுக் குழாய் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இருந்த குழாயைத் திறந்தால் தண்ணீர் தீயை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களை நனைத்தது. கடைசியில் தணிக்கைக்காரர் ஒருவர் வந்து, குழாயில் பத்து ஓட்டை என்று அறிக்கை எழுதினார். சட்டசபைக் குழு அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டால் போதும், புதுக் குழாய் வந்துவிடும்.

சபாநாயகர் குழுவைக் கறாராகச் சொல்லி அனுப்பினார்: "தணிக்கையில் எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். நேரில் போய் எண்ணுங்கள். கண்டதை உள்ளது உள்ளபடி சபைமுன் வையுங்கள்."

குழுத் தலைவர் வெள்ளியம்பலமும் நான்கு உறுப்பினர்களும் போனார்கள். சவரிமுத்து குழாயின் முனையை அடைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் நெடுகப் பீய்ச்சியடித்தது. எண்ணினார்கள். ஒருவருக்கு எட்டு வந்தது, இன்னொருவருக்குப் பதின்மூன்று.

"எண்ணினதையே திரும்ப எண்ணுறீங்கய்யா," என்றார் தலைவர். "எண்ணின ஓட்டையை உள்ளங்கையால பொத்திக்குங்க. தப்பே வராது."

ஐந்து பேர், பத்துக் கை. எல்லாம் பொத்தியாயிற்று.

"இப்ப எத்தனை இருக்கு?"

திருமேனி என்ற உறுப்பினர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்டினார். "ஒண்ணுகூட இல்லீங்க தலைவரே."

"நல்லாப் பாருமய்யா!"

"சொட்டுத் தண்ணி வரலீங்க."

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "பத்துன்னு எழுதியிருக்கானே அந்தத் தணிக்கைக்காரன்! என்ன நெஞ்சழுத்தம்!"

சவரிமுத்து கும்பிட்டார். "ஐயா, கையை எடுத்துட்டுப் பாருங்கய்யா."

"எடுத்தா ஓட்டை வந்துருமே," என்றார் திருமேனி.

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

"கேட்டீங்களா தலைவரே? அரசாங்கச் சொத்துல ஓட்டை உண்டாக்கச் சொல்றாரு!"

உள்ளது உள்ளபடி வைக்கவேண்டுமே! பொத்திய கையை எடுக்காமல், ஐந்து பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து சட்டசபைக்குப் போனார்கள். பின்னாலேயே தீயணைப்பு வண்டி, தண்ணீரை நிறுத்தாமல். வழியில் திருமேனிக்கு மூக்கு அரித்தது. சவரிமுத்துதான் சொறிந்துவிட்டார்.

சபையில் தலைவர் முழங்கினார்: "குழாயில் ஓட்டையே இல்லை!"

சபாநாயகர் தலையாட்டினார். "அப்படியானால் புதுக் குழாய் வேண்டாம். இதை ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்."

ஐந்து பேரும் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

உத்தரம் வரைக்கும் எகிறிய தண்ணீர், மழையாகத் திரும்பி எல்லோர் தலையிலும் கொட்டியது. சபாநாயகரின் மூக்குக்கண்ணாடியே அடித்துக்கொண்டு போய்விட்டது. வாசலில் நின்ற சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாத்தீங்களாய்யா? இப்பவாவது பாத்தீங்களா?"

சபாநாயகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"பார்த்தேன், பார்த்தேன். சபையின் கூரை ஒழுகுகிறது. உடனே புதுக் கூரை போட உத்தரவிடுகிறேன்."

சவரிமுத்து ஓடிப்போய் வண்டியில் தண்ணீரை நிறுத்தக் கை வைத்தார்.

"நிறுத்தாதேயும்!" என்று கத்தினார் வெள்ளியம்பலம். அவரும் மற்ற நான்கு பேரும் அதற்குள் கூரைக்குச் சாத்திய ஏணியில் பாதி ஏறியிருந்தார்கள். "நிறுத்தினா, எத்தனை ஓட்டைன்னு நாங்க எப்படிய்யா எண்ணுறது?"