யாரோ குறுக்கே வந்த இடம்

வண்டி ஓடும், ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது. அப்படி ஒரு அறைக்குத்தான் மாசிலாமணி வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

புது கார்களைச் சோதிக்கிற இடம் அது. சக்கரங்களுக்கு அடியில் பெரிய இரும்பு உருளைகள், சக்கரம் சுற்றினால் அவையும் சுற்றும். முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி காற்றை வாரி இறைக்கும். பின்னால் குழாய் வைத்துப் புகையை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் கண் முன்னே ஒரு திரை. அதில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாய் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். கோடு ஏறினால் வேகம் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும். வண்டியின் வேகம் ஒரு புள்ளி. புள்ளி கோட்டை விட்டு விலகக் கூடாது. எந்தக் கார் வந்தாலும் அதே கோடுதான். அதை ஓட்டிப் பார்த்துத்தான் லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எவ்வளவு புகை கக்கும் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

மாசிலாமணி கோத்தகிரி மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். மறுபடி ஒரு ஸ்டீயரிங் கைக்குக் கிடைத்தால் போதும் என்று கிடந்தவருக்கு இந்த வேலை வந்தது.

சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. அவரைவிட ரொம்பச் சின்னவள். முதல் நாளே அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சொல்லுங்க குருவே" என்றார். விளையாட்டாய்ச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் சளைத்தவள் இல்லை. பழக்கதோஷத்தில் அவர் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் சுவர்தான் வருது அண்ணே, வழி விடுங்க என்பாள்.

எல்லாம் சரியாக வந்தது, ஒரு இடத்தைத் தவிர. நன்றாக ஏறிப் போகிற கோடு, அங்கே திடீரென்று விழும். கொஞ்சம் தவழும். மறுபடி எழுந்து போகும். அந்தப் பள்ளம் திரையில் முன்கூட்டியே தெரியும். தெரிந்ததுமே மாசிலாமணியின் கால் தூக்கிக்கொள்ளும். வண்டி மெல்ல உருண்டு இறங்கும். புள்ளி கோட்டை விட்டுப் போய்விடும்.

மலையில் அவர் அப்படித்தான் ஓட்டினார். மேல் வளைவில் திரும்பும்போதே கீழே பஸ்ஸுக்கு ஓடி வருகிற ஆள் தெரிவார். கேரட் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டோ, ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டோ. அப்போதே காலை எடுத்துவிடுவார். ஆள் வந்து சேர்வதும் பஸ் வந்து நிற்பதும் ஒன்றாக இருக்கும். நின்றுகொண்டு வருகிற யாரும் அவர் பஸ்ஸில் தள்ளாடியதில்லை.

இப்படி உருட்டினால் வண்டி குடிக்கிற பெட்ரோல் குறைந்துபோகும், வண்டி வாங்குகிற யாருக்கும் கிடைக்காத மைலேஜைக் காகிதத்தில் எழுத வேண்டிவரும் என்று அதிகாரி கண்டித்தார். மாசிலாமணிக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது. நாளை கடைசித் தடவை, நாளையும் விலகினால் வீட்டுக்குப் போகலாம் என்றதும்தான் முகம் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "குருவே, இந்தக் கோட்டை ஓட்டினது யாரு?"

யாரென்று தனியாக இல்லை என்றாள். ரொம்ப வருஷம் முன்னால் இந்த ஊர்க்காரர்களின் கார்களில் சின்னப் பெட்டி ஒன்றை வைத்தார்களாம். ஆபீசுக்குப் போனவர், காய்கறி வாங்கப் போனவர், பிள்ளையைப் பள்ளிக்கு விடப் போனவர். பெட்டிக்கு வேகம் மட்டும்தான் தெரியும். அதையெல்லாம் சேர்த்து இந்தக் கோடு.

"அந்தப் பள்ளத்துல ஓட்டினவருக்கு வண்டி ஓட்டத் தெரியல. தூரத்துலயே காலை எடுத்திருக்கணும். நான் ஓட்டுறது எப்படித் தப்பாகும்?"

ரெஜினா பின்கதவைத் திறந்தாள். அவரைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னாள். கண்ணை மூடிக்கச் சொன்னாள். வண்டியைக் கிளப்பினாள்.

பஸ்ஸில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் பின்னால் உட்கார்ந்து போனதே இல்லை. உருளைகளின் இரைச்சல் மலை மழை போல இருந்தது. மின்விசிறிக் காற்று ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. தேயிலை வாசம்கூட வந்த மாதிரி இருந்தது. கண்டக்டர் ராஜப்பாவின் விசில், பஸ் பக்கத்தைத் தட்டுகிற வளையல் கைகள், சரிவில் பனி விலகுகிற நேரம்.

சடாரென்று பிரேக் விழுந்து, கட்டிவைத்த வண்டி குலுங்கியதில் உடம்பு முன்னால் போனது. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வந்தா?" என்று கேட்டாள் ரெஜினா.

யோசிக்காமல் சொன்னார். "ஒரு பொம்பளை. இடுப்புல பிள்ளை. கால் வைக்கலாமா வேண்டாமான்னு நிக்கிறா."

"முன்னாடியே பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்க? கண்ணை மூடச் சொல்லிட்டீங்களே."

"அந்தப் பள்ளத்துல ஓட்டினவரும் பார்க்கலண்ணே."

மாசிலாமணி கண்ணைத் திறந்து திரையில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

மறுநாள் அதிகாரி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். கோடு ஓட ஆரம்பித்தது. பள்ளம் திரையில் தெரிந்தது. கால் தூக்கப் பார்த்தது. அவர் விடவில்லை. ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி, வீட்டு நினைப்பிலோ கடை நினைப்பிலோ போகிற ஆள் மாதிரி, மிதித்துக்கொண்டே போனார். கோடு விழுந்தது. அப்போதுதான் பிரேக்கை அமுக்கினார். புள்ளி கோட்டிலேயே இருந்தது. வண்டி தவழ்ந்தது. பிறகு எழுந்து போனது.

ஓட்டி முடித்ததும் அதிகாரி, நாளையிலிருந்து சீருடை போட்டு வரச் சொல்லிவிட்டுப் போனார். மின்விசிறி ஓய்ந்தது. மாசிலாமணி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ரெஜினா வந்து கதவைத் திறந்தாள்.

"குருவே, அந்தப் பொம்பளை தாண்டிப் போயிட்டாளா?"

"நீங்க வழி விட்டீங்கல்ல அண்ணே" என்றாள் அவள்.