கண் தேர்வு எழுதிய மகாராஜா

வேங்கைநல்லூர் ராஜ்யத்தில் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் யார் வேண்டுமானாலும் மருந்து கொடுக்கலாம். கேள்வி கிடையாது. ஆனால் கண்ணில் ஊசி வைக்க வேண்டுமென்றால் அரண்மனைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்தத் தேர்வை நடத்துகிறவர் தலைமை வைத்தியர் லிங்கப் பண்டிதர். அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எத்தனை பேர் எழுதினாலும் பாதிப் பேர்தான் தேறலாம். மீதிப் பாதி தோற்றே ஆக வேண்டும்.

"எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேறலாம், ஐயா?" என்று யாராவது கேட்டால், "பக்கத்தில் இருக்கிறவனைவிட ஒன்று கூட எடு, போ" என்பார். கண் வைத்தியர்கள் குறையக் குறைய அவர் வீட்டு வாசலில் பல்லக்குகள் கூடும். காரணம் அவ்வளவுதான்.

இந்த வருஷம் தேர்வுக்கு ஆறு பேர். அவர்களில் திருமேனி என்ற இளைஞனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் போனால் ஆயுளுக்கும் யானைக் கொட்டாரத்தில் மருந்து அரைக்க வேண்டியதுதான். ஒன்றாகப் படித்த ஆறு பேரும் இப்போது ஒருவரையொருவர் பார்த்தால் சுவடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். நேற்று ஒரு நண்பன் தும்மினான். 'இவனுக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு ஓர் இடம் கிடைக்குமே' என்று திருமேனிக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய மறுகணமே தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

அன்றைக்குப் பார்த்து அரசவை விகடகவி சாத்தப்பர் கண்கட்டியோடு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். திருமேனி பெருமூச்சு விட்டபடி களிம்பைத் தடவினான்.

"தம்பி, கட்டி இருப்பது வலது கண்ணில்."

"ஆமாம் ஐயா."

"நீ தடவியது இடது கண்ணில்."

திருமேனிக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினான். சாத்தப்பர் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாதிப் பேர் தோற்க வேண்டும். அந்தப் பாதி இன்னார்தான் என்று சட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் தோற்பதற்கு நான் ஆள் பிடிக்கிறேன். நீ போய்ச் சாப்பிடு."

மறுநாள் தேர்வு எழுதுகிறவர்கள் சபையில் பெயர் கொடுத்தார்கள். கடைசியாகச் சாத்தப்பர் எழுந்தார்.

"மகாராஜா, எனக்கும் கண் தேர்வு எழுத ஆசை. தளபதிக்கும் ஆசை. தலைமைச் சமையல்காரர், சபைப் பாடகர், யானைப்பாகன் எல்லாரும் துடிக்கிறார்கள்."

பண்டிதர் பூரித்துப் போனார். "தாராளமாக எழுதட்டும்! என் தேர்வின் அருமை ஊருக்கே தெரியட்டும்!"

"இன்னும் ஒரே ஓர் ஆள் கிடைத்தால்..." என்று சாத்தப்பர் இழுத்தார்.

மகாராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்தார். "ஏன், நான் இல்லையா? எழுதுகிறேன்!"

சாத்தப்பர் நாக்கைக் கடித்துக்கொண்டதைத் திருமேனி பார்த்தான். மகாராஜாவைத் தோற்கடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

தேர்வு நடந்தது. 'கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குத் தளபதி, 'தூசி கிளப்பியவனைப் பிடித்துச் சிறையில் போடுவேன்' என்று எழுதினார். சமையல்காரர், 'மிளகாய் நறுக்கிய கையைக் கழுவு' என்று எழுதினார். 'கண்ணில் படலம் முற்றியதை எப்படி அறிவாய்?' என்ற கேள்விக்கு மகாராஜா எழுதிய விடை: 'லிங்கப் பண்டிதரைக் கூப்பிட்டுக் கேட்பேன்.' மற்ற கேள்விகளுக்கும் அதே விடைதான்.

முடிவு சொல்லும் நாள். பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்குத்தான் இடம். பண்டிதர் தொண்டையைச் செருமினார்.

"முதல் இடம், சாட்சாத் நம் மகாராஜா! இப்படிப்பட்ட விடைகளை என் ஆயுளில் படித்ததில்லை!"

அடுத்து ஐந்து இளைஞர்களின் பெயர்களைப் படித்தார். திருமேனியின் பெயர் வரவில்லை. ஏழாவது ஆள். ஒரே ஒரு படி கீழே. அவன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

சாத்தப்பர் மெல்ல எழுந்தார். "தேறியவர்கள் இன்றைக்கே கண்ணில் ஊசி வைக்கலாமா, பண்டிதரே?"

"இந்த நிமிஷமே வைக்கலாம்!"

"நல்லதாகப் போயிற்று. உங்கள் இடது கண்ணில் படலம் முற்றியிருக்கிறது. காலையில்கூடத் தூணுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தீர்கள். முதல் இடம் பெற்ற வைத்தியரே இருக்கும்போது தாமதம் எதற்கு? மகாராஜா, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்."

மகாராஜாவுக்கு உற்சாகம் பொங்கியது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கினார். கண் கீறும் ஊசியை வாள் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"பண்டிதரே, எந்தப் பக்கமிருந்து குத்த வேண்டும்? மூக்குப் பக்கமா, காதுப் பக்கமா?"

பண்டிதர் பின்வாங்கினார். சுவர் வந்துவிட்டது. மகாராஜாவும் வந்துவிட்டார்.

"வேண்டாம் மகாராஜா! நீங்கள் தேறவில்லை! ஒரு விடைகூடச் சரியில்லை! சுத்தமாகத் தோற்றுவிட்டீர்கள்!"

ஊசி அந்தரத்தில் நின்றது.

"அப்படியானால் என் இடம் யாருக்கு?" என்றார் மகாராஜா.

"அந்தத் திருமேனிக்கு! அவனுக்கே!"

சாத்தப்பர் குறுக்கிட்டார். "கண் எப்படியும் கீற வேண்டியதுதானே, பண்டிதரே? ஆறு பேர் நிற்கிறார்கள். யாரிடம் கொடுக்கிறீர்கள்?"

பண்டிதர் நல்ல கண்ணால் ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"திருமேனியிடமே கொடுக்கிறேன். அவனுக்குத்தான் கை நடுங்காது."

"என்னய்யா இது!" என்றார் மகாராஜா. "இரண்டு முறை நீர் தோற்கடித்த பையன் அல்லவா அவன்?"

பண்டிதர் பரிதாபமாகக் கையைக் கூப்பினார்.

"அது தேர்வு, மகாராஜா. இது என் கண்!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. பாதிக் கணக்குச் சட்டம் அன்றோடு ஒழிந்தது.