நிலைவாசல் பூட்டு

காண்டிராக்டர் ஆவுடையப்பன் தெருவில் வந்தால், முதலில் அவர் தோளில் கிடக்கும் பட்டுத்துண்டுதான் கண்ணில் படும்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கூலி பாக்கி என்றால், வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் அதன் நிலைவாசலில் தன் பூட்டைத் தொங்கவிடலாம். அது தொங்கும்வரை அந்த வீட்டை எவரும் வாங்கமாட்டார்கள். வேலை முடிந்து மூன்று வருஷம் போனால் பூட்டை எடுத்துவிட வேண்டும்.

பூக்காரி பிச்சம்மாள் வீட்டில் ஆவுடையப்பன் தொங்கவிட்ட பூட்டு ஆறு வருஷமாகியும் இறங்கவில்லை. கணவனின் ஆபரேஷனுக்கு அவள் வீட்டை விற்றாக வேண்டும். முறையிட்டாள், அவள் வாசலிலேயே ஊர் கூடியது.

“பின்சுவர்ப் பூச்சு இன்னும் கிடக்கு. வேலையே முடியலை, கெடு எப்படி முடியும்?” என்றார் ஆவுடையப்பன்.

பிச்சம்மாள் கும்பிட்டாள். “சரி அண்ணாச்சி. அப்போ, ஆறு வருஷம் முன்னே பால் காய்ச்சின அன்னிக்கு நாங்க போட்ட அந்தப் பட்டுத்துண்டைத் திருப்பிக் குடுத்துருங்க. அரைகுறை வேலைக்கு யாரும் மரியாதை செய்யிறதில்லையே.”

யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“சும்மா வாங்கின துண்டா இது? வேலையை முழுசா முடிச்சு, சாவியைக் கையில குடுத்துட்டுத்தான் வாங்கினேன்!”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊர்த்தலைவர் நிலைவாசலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. பிடித்துத் திருக ஆவுடையப்பனுக்கு ஒரு துணி வேண்டியிருந்தது. தோளில் கிடந்ததைத்தான் எடுத்தார்.