புங்கமரம் பிடி தளர்த்திய கதை

மரங்களுக்கு வாய் இருந்த காலம் ஒன்று உண்டு. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? விடிந்தால் பேச்சு, இருட்டினால் பேச்சு. அந்தக் காலத்தில் எங்காவது புறப்படுகிறவர்கள் “போறேன்” என்று மட்டும்தான் சொல்வார்கள். மாசி பிறந்ததும் பழுத்த இலைகளும் அப்படியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குதித்துவிடும். மற்ற மரங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

ஓடைக்கரையில் நின்ற புங்கமரத்துக்கு மட்டும் அது முடியவில்லை. கன்றாக இருந்து அப்போதுதான் மரமாகியிருந்தது; இலைகள் எல்லாமே தலைச்சன் பிள்ளைகள். ஏதாவது ஓர் இலை “போறேன்” என்று வாயெடுத்தால் போதும், மரம் அதன் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிடும்.

“அம்மா, என் உடம்பெல்லாம் பூச்சி அரிச்ச ஓட்டை.”

“இருக்கட்டும் கண்ணு. காத்தோட்டமா இருக்கும்.”

“மஞ்சளாப் போயிட்டேன்மா.”

“மஞ்சள் மங்களம்தானே!”

இதற்குள் கணுக்களில் தளிர்கள் நெருக்கியடித்தன. “மூச்சு முட்டுது, யாராச்சும் நகருங்க” என்று உள்ளிருந்து கத்தின. சில தளிர்கள் கருகியே போய்விட்டன. பங்குனி வெயிலைப் பழுத்த இலைகளால் தாங்க முடியாது. தளிர் வராவிட்டால் மரமே பட்டுப்போகும். இது புங்கமரத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே!

அந்த மரத்தடியில் நின்ற ஆடு மேய்க்கும் சடையாண்டிக்கும் அதே பாடுதான். உள்ளூரில் புல் தீர்ந்துவிட்டதால் மந்தையை வெளியூருக்கு ஓட்டியாக வேண்டும். ஆனால் அவன் “போறேன்” என்றதும் அவன் மனைவி சிலம்பாயி தழை பறிக்கும் தொரட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியிலேயே அழ உட்கார்ந்துவிடுவாள். வாரக்கணக்கில் அவன் புறப்பட்டுக்கொண்டேதான் இருந்தான். ஆடுகள் இளைத்துவிட்டன.

உச்சிக் கிளையில் ஓர் இலை. ஓட்டையும் அதிகம், வாயும் அதிகம். ஒருநாள் அது நயமாகப் பேச்செடுத்தது.

“அம்மா, நான் போறேன்னா சொன்னேன்? போயிட்டு வரேன்.”

மரம் அழுகையை நிறுத்தியது. “வருவியா?”

“பின்னே? இந்தக் கந்தலோடயே எத்தனை நாள் இருக்கிறது? புதுசு உடுத்திக்கிட்டு வரேன்.”

“எப்போ வருவே?”

“நீ கையை விட்டாத்தானே நான் கிளம்பவே முடியும்!”

மரம் யோசித்தது. மெல்லப் பிடியைத் தளர்த்தியது. இலை சுழன்று சுழன்று வந்து சடையாண்டியின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்த மற்ற இலைகளும் “போயிட்டு வரேன், போயிட்டு வரேன்” என்று ஒரே இரைச்சலாகக் கிளம்பிவிட்டன.

சடையாண்டி, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சிலம்பாயி பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டான். “புள்ளே, போயிட்டு வரேன்.”

சிலம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொரட்டியை நீட்டினாள். “இதை மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

பங்குனியில் கிளை கொள்ளாமல் தளிர்கள் வந்தன. உச்சிக் கிளையில் செம்பு நிறத்தில் ஒன்று பளபளத்தது. ஓர் அணில் அதை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தது.

“இது அந்த இலை இல்லையே! முகஜாடையே வேற மாதிரி இருக்கே.”

“எனக்குத் தெரியும். நீ வாயை மூடு” என்றது மரம். பிறகு தளிரிடம் குனிந்து, “வா கண்ணு, ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டது.

அந்த மாசியிலிருந்துதான் புங்கமரம் அழாமல் இலையை விடுகிறது. நம் வீடுகளிலும் யாரும் “போறேன்” என்று சொல்வதில்லை. திரும்பி வரவே முடியாதவர்கள்கூட “போயிட்டு வரேன்” என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் நிற்பவர்களும், அது தெரிந்தே, “சரி, போயிட்டு வா” என்கிறார்கள்.