குரலுக்கு அளவெடுத்த பெடல்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்தாறு. திண்டுக்கல்லில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

குரு ஜெசிந்தா, தன் வீட்டு மாடியறையில் கிதார் சொல்லித் தருகிறவள். சிஷ்யர் சூசைமாணிக்கம், தையற்கடைக்காரர். மாதா கோயில் திருவிழா மேடையில் கிதார் வாசிப்பதும் அவர்தான். பழகிய கை. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத மனிதர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு சாயங்காலம் அவர் மாடியேறி வந்தார். கையில் ஒரு துணிப்பை.

"டீச்சர், வா-வா பெடல் ஒன்னு வாங்கணும். எது உசத்தி?"

வா-வா பெடல் என்பது கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் ஒரு மிதி. விரல் பக்கம் அழுத்தினால் சத்தம் கூர்மையாகும். குதிகால் பக்கம் சாய்த்தால் மங்கும். மாற்றி மாற்றி மிதித்தால் கிதார் வாயைத் திறந்து மூடிப் பேசுவதுபோல இருக்கும்.

ஜெசிந்தா தன்னுடையதை எடுத்து வைத்தாள். நண்பர்கள் விட்டுப்போன இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"மிதிச்சுப் பாருங்கண்ணே."

சூசைமாணிக்கம் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். மகனுடையது. ஒரு சைஸ் பெரிசு.

"எதுக்குண்ணே ஷூ?"

"வீடியோவுல எல்லாரும் ஷூ போட்டுத்தானே மிதிக்கிறாங்க."

"திருவிழா மேடையில ஷூ போடுவீங்களா?"

"மாதா சொரூபத்துக்கு முன்னாடியா? யாராச்சும் போடுவாங்களா டீச்சர்!"

ஜெசிந்தா அந்த ஷூவையே பார்த்தாள். அவர் ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதல் பெடல் விறைப்பு. வெறுங்காலால் அழுத்தினால் பெருவிரல்தான் நோகிறது. இரண்டாவது வழவழவென்று ஓடியது, வியர்த்த பாதம் அதில் நிற்கவே இல்லை. மூன்றாவதன் மேல் வரிவரியாக ரப்பர் ஒட்டியிருந்தது. அதில் வைத்த கால் வைத்தபடி இருந்தது.

"இதுதான் டீச்சர். அச்சுல மட்டும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா ஜம்முனு ஓடும்."

சட்டைப் பையில் மிஷின் எண்ணெய் தயாராக இருந்தது. ஆள் சும்மா வரவில்லை.

"விட்றாதீங்கண்ணே! ஓடவேண்டியது உங்க தையல் மிஷினு. இது விட்ட இடத்துல நிக்கணும்."

எண்ணெய் பைக்குள் போனது. ஜெசிந்தா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷம் இது இல்லாமத்தானே வாசிச்சீங்க. இப்ப என்ன?"

அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சீலிக்காகத்தான்."

அருள்சீலி அவர் மனைவி. அந்த மேடையின் பாடகியும் அவள்தான். திருவிழாவின் கடைசி நாளில் மாதாவுக்கு ஒரு பாட்டு பாடுவாள். மெட்டு சூசைமாணிக்கம் போட்டது. சரணத்தில் ஒரு இடத்தில் பாட்டு மேலே ஏறும். அந்த இடத்துக்காகவே சனம் பாய் விரித்துக் காத்திருக்கும். போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சு நன்றாக வந்துவிட்டது. மேலே ஏறினால் மட்டும் குரல் உடைந்துவிடுகிறது.

"இந்த வருஷம் பாட மாட்டேன்னுட்டா. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வச்சிருக்கேன். அந்த இடம் வர்றப்ப என் கிதாரு குரல் மாதிரியே மேல வந்து மூடிக்கிட்டா, உடையுறது யாருக்கும் தெரியாதுல்ல? கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போடுறாப்பல. அவளுக்கும் தெரிய வேணாம் டீச்சர்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"குரல் மாதிரின்னா, யார் குரல் மாதிரி?"

"அவ குரல்தான்."

"அப்ப நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஆள் இல்லாம எப்படிண்ணே அளவெடுக்கிறது?"

மறுநாள் அருள்சீலி வந்தாள். எதற்கு என்று தெரியாமல்தான் வந்தாள். ஜெசிந்தா அந்தப் பெடலைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றி வைத்திருந்தாள். உள்ளே பல் வெட்டிய ஒரு பட்டை, அது சுழற்றுகிற சின்னப் பற்சக்கரம். சக்கரத்தை எந்தப் பல்லில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து, கிதாரின் வாய் எவ்வளவு திறக்கும், எங்கே மூடும் என்பது மாறும்.

"அக்கா, அண்ணனைக் கொஞ்சம் திட்டுங்களேன்."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். காரணமா கிடைக்காது?"

காரணத்துக்கா பஞ்சம்! அருள்சீலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் தைக்கிறாரு. என் ஜாக்கெட்டு மட்டும் ஈஸ்டர்லேர்ந்து வெட்டுன துணியாவே கெடக்கு. கேட்டா நாளைக்கு, நாளைக்கு. என்னங்க, இந்த ஜென்மத்துல முடியுமா முடியாதான்னா, அதுக்கும் சிரிப்பு. இப்பயும் சிரிக்கிறாரு பாரு!"

அவள் திட்டத் திட்ட, சூசைமாணிக்கம் ஒரே சுரத்தை மீட்டி மிதித்தார். ஜெசிந்தா பெடலை வாங்கி ஒரு பல் நகர்த்தினாள். மறுபடி மிதித்தார். இன்னொரு பல். அருள்சீலிக்கு மூச்சு வாங்கிற்று, ஆனால் விஷயம் தீரவில்லை. அவள் "என்னங்க" என்று இழுத்த ஒரு தடவை, கிதாரும் அதே மாதிரி இழுத்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அருள்சீலிதான் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தன் கழுத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டாள். "அப்படியே என்னைய மாதிரி இருக்கு" என்றாள். அவள் அதை மெதுவாகச் சொன்னாள்.

சூசைமாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெடலை இரவல் வாங்கிக்கொண்டு போய் ராப்பகலாகச் சாதகம் செய்தார். தையல் மிஷின் மிதித்த கால், முதலில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. தாளத்துக்குத் தாளம் மிதித்துத் தள்ளியது. பிறகு பழகிவிட்டது. பாட்டு மேலே ஏறும் இடத்தில் சரியாக விரல் பக்கம் அழுத்தினால், கிதார் கணீரென்று மேலே வந்து நின்றது.

திருவிழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மாதா கோயில் பங்குக் கூடத்தில் ஒத்திகை. அருள்சீலி பல்லவியைப் பாடினாள். சரணத்துக்கு வந்தாள். அந்த இடம் வந்தது. கிதாரும் வந்தது. அவள் வாய் அசைந்தது எல்லாருக்கும் தெரிந்தது. கேட்டது கிதார் மட்டும்தான்.

அவள் பாதியில் நிறுத்தினாள். மைக்கை அணைத்து நாற்காலியில் வைத்தாள்.

"நல்லா இருக்குங்க. நீங்களே பாடிருங்க."

குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமாகப் போயிருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லாமல் போனாள்.

சூசைமாணிக்கம் நேராக மாடிப்படி ஏறினார். பெடலைக் கீழே வைத்தார்.

"சீலி மேடைக்கு வர மாட்டேன்னுட்டா டீச்சர். பெடல்லதான் ஏதோ கோளாறு. இன்னும் ஒரு பல்லு நகர்த்திப் பாருங்க."

ஜெசிந்தா அதைத் தன் கிதாரில் மாட்டினாள். "என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். விரல் பக்கம் முழுக்க அழுத்தி, அவர் பேச்சு ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி. அவர் குரலை உயர்த்தினார். கிதாரும் உயர்ந்தது. "ஒத்திகையில நான்..." என்றார். "அவ வந்து..." என்றார். கடைசியில் வாயை மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா வாசிப்பதை நிறுத்தினாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"நீங்க வாசிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி டீச்சர் பேச?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் காலரால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த இடத்துல நான் காலை எங்க வைக்கணும்?"

"தரையில."

"உடையுறது எல்லாருக்கும் கேக்குமே டீச்சர்."

"கேக்கும்."

அவர் பெடலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எதற்காக அந்தப் பெடலைத் தேடினார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்? முப்பது வருஷமா உங்க கிதாரைக் கேக்குறேன். மறைச்சுப் பாடுறதா இருந்தா நான் ஏங்க மேடையேறணும்? அடுப்படியில பாடிக்க மாட்டேனா?"

"தப்புதான் சீலி."

"உடையும். உடைஞ்சா உடைஞ்சதுதான். மாதாவுக்குத் தெரியாத குரலா?"

"அப்ப வர்றியா?"

"அந்தப் பெடலையும் எடுத்துக்கங்க" என்றாள். "நான் மூச்சு வாங்குற எடத்துல எல்லாம் அது பேசட்டும். என்னைய மாதிரி பேசுது, கேக்க ஆசையா இருக்கு."

திருவிழாவின் கடைசி நாள். சப்பரம் வந்து நின்றது. சனம் பாய்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் ஜெசிந்தா.

அருள்சீலி பாடினாள். அவள் ஒரு வரி முடித்து மூச்செடுக்கும்போதெல்லாம் கிதார் அவள் குரலிலேயே பதில் சொன்னது. கூட்டத்தில் சிலர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்கள். சரணம் வந்தது. சூசைமாணிக்கம் வலது காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். கை சும்மா மெல்லிய சுரங்களை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

குரல் ஏறியது. பாதியில் உடைந்தது. காற்று மட்டும் வந்தது.

கைக்குழந்தைகளைத் தவிர யாரும் சத்தம் போடவில்லை. சூசைமாணிக்கத்தின் கால் துடித்தது. மூன்று விரற்கடை தள்ளி பெடல் இருந்தது. அவர் காலை அசைக்கவில்லை. அருள்சீலி கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஏறினாள். கரகரப்பாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் ஏறிவிட்டாள். பாட்டு முடிந்தபோது பாயில் இருந்த பெண்கள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். சூசைமாணிக்கமும் அழுதார். அவருக்குக் கை தட்ட முடியவில்லை, கிதார் இருந்தது.

பொங்கல் கொடுக்கும் இடத்தில் ஜெசிந்தாவைத் தேடிப் பிடித்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"டீச்சர், நான் எப்படி வாசிச்சேன்?"

ஜெசிந்தா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

"தெரியலையேண்ணே. நான் அக்காவைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."